மேகாத்தில் யார் முந்துவார்?

போன ஞாயிறு நாட்டுக்கல்லில் டீ குடிக்கும்போது நம்ம சைக்கிள் கூட்டத்தில் புதுசாகச் சேர்ந்த தம்பி கேட்டான்: "அண்ணா, கேவண்டிஷ், கிட்டல், மெர்லியர், பிலிப்சன், மிலன் அஞ்சு பேரையும் அவங்கவங்க நல்லா ஓட்டின காலத்துல இருந்து தூக்கியாந்து ஒரே ரோட்டுல விட்டா, கடைசி எறநூறு மீட்டர்ல யாருண்ணா ஜெயிப்பாங்க?" மாஷ் (நம்ம வாத்தியார்) உடனே "கேவண்டிஷ், 35 ஸ்டேஜ், அதோட முடிஞ்சுது" என்றார். (டூர் டி பிரான்ஸ் என்பது மூன்று வாரம் நடக்கிற சைக்கிள் பந்தயம், அதில் ஒவ்வொரு நாள் ஓட்டமும் ஒரு ஸ்டேஜ். தம்பி சொன்ன அஞ்சு பேரும் அங்கே கடைசி நூற்றுக்கணக்கான மீட்டரில் பாய்ந்து ஜெயிக்கிற ஸ்பிரின்டர்கள்.) தம்பிக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை. எனக்கும்தான். டீ ஆறுவதற்குள் சொல்லி முடிகிற சமாசாரம் இல்லை, எழுதித் தருகிறேன் என்றேன்.

தம்பி, முதலில் நான் திருப்பிக் கேட்கிறேன். எந்த ரோடு? காற்று எந்தப் பக்கம்?

இதை நான் விளையாட்டுக்குக் கேட்கவில்லை. கொழிஞ்சாம்பாறையில் சைக்கிள் கடை வைத்திருப்பவனுக்குக் காற்றைப் பற்றி யாரும் பாடம் நடத்த வேண்டாம். நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவில் மலைத்தொடர் விட்டுப்போன முப்பது நாற்பது கிலோமீட்டர் இடைவெளியில்தான் நாம் குடியிருக்கிறோம். ஆனியில் தொடங்கும் மேகாத்து, அதாவது மேற்கே இருந்து வீசும் காற்று, புரட்டாசி வரை நிற்காது. அந்தக் காற்றை நம்பித்தான் உடுமலை, பல்லடம் பக்கமெல்லாம் காற்றாலை நட்டு வைத்திருக்கிறார்கள். கோபாலபுரம் செக்போஸ்ட்டில் இருந்து மேற்கே வரும்போது தென்னை மட்டையெல்லாம் பொள்ளாச்சியைப் பார்த்துச் சாய்ந்து நிற்கும். அந்த நேரம் முன்னால் ஒருத்தர் இருக்கிறாரா இல்லையா என்பதுதான் வாழ்வா சாவா. மாஷுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டால் பேசிக்கொண்டே வரலாம். அவர் விலகி உன்னை முன்னால் விட்டதும் யாரோ நெஞ்சில் கை வைத்துத் தள்ளுகிற மாதிரி இருக்கும். டூர் டி பிரான்ஸ் கடைசிக் கிலோமீட்டரில் நடப்பதும் இதேதான், அங்கே வேகம் மட்டும் இரண்டு மடங்கு.

அந்த வேகத்தில் கால் போடுகிற உழைப்பில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் காற்றைக் கிழிக்கவே போய்விடுகிறது. அதுவும் நேர்க்கணக்கில் ஏறுவதில்லை. வேகத்தைப் பத்து சதவீதம் கூட்ட வேண்டுமானால் பலம் முப்பத்து மூன்று சதவீதம் கூட வேண்டும். 60-இல் போகிறவன் 66-க்குப் போவதற்குள் மூன்றில் ஒரு பங்கு ஆளை உள்ளே இருந்து புதுசாக எடுத்து வர வேண்டியிருக்கிறது. 70 கிலோமீட்டர் வேகத்தில் கடைசி 200 மீட்டர் பத்து விநாடிக்குக் கொஞ்சம் மேல். அந்தப் பத்து விநாடிக்கு 1,500 வாட்டுக்கு மேலே போகிற ஆட்கள் இவர்கள். ஆனால் அதற்கு முன்னால் நாலைந்து மணி நேரம் ஓட்டி, கடைசி மூன்று கிலோமீட்டர் முழங்கையால் இடித்து இடம் பிடித்து, அதற்குப் பிறகும் அந்தப் பத்து விநாடியைச் செலவழிக்காமல் பையில் வைத்திருக்க வேண்டும். ஆகவே பலத்தை மட்டும் ஒப்பிட்டால் பாதிக் கணக்குத்தான் வரும். யார் எவ்வளவு நேரம் காற்றில் படாமல் வந்தார், எந்த இடத்தில் வெளியே வந்தார் என்பது மீதிப் பாதி.

மார்சல் கிட்டலில் தொடங்குகிறேன், அவர் கணக்கு லேசானது. ஆறடி இரண்டு அங்குலம், ஜெர்மனிக்காரர், நேரான ரோடு, நல்ல வேகம். 2013-இல் நாலு, 2014-இல் நாலு, 2016-இல் ஒன்று, 2017-இல் ஐந்து, ஆக மொத்தம் 14 டூர் ஸ்டேஜ். 2013-இல் தூர் நகரத்தில் முடிந்த ஸ்டேஜைத் தேடிப் பார். கேவண்டிஷுக்கு எல்லாம் சரியாக அமைந்திருக்கும். அவர்தான் முதலில் வெளியே வருகிறார். கிட்டல் பக்கத்தில் வந்து, தாண்டி, போய்விடுகிறார். தந்திரம் கிந்திரம் எதுவும் கிடையாது. அதே வருடம் டூர் முடிந்த பாரிஸிலும் கிட்டல் முதல், இன்னொரு ஜெர்மனிக்காரர் கிரைப்பல் இரண்டாவது, கேவண்டிஷ் மூன்றாவது. அதற்கு முந்தைய நாலு வருடமும், 2009 முதல் 2012 வரை, பாரிஸின் ஷான்ஸ் எலிசே சாலையில் கேவண்டிஷைத் தவிர வேறு யாரும் ஜெயித்ததில்லை. சும்மா ஓட்டி முறியடிக்கிற சாதனையா அது!

ஆனால் கிட்டலுக்கு ரோடு வேண்டும். வளைவு, மேடு, முட்டி மோதல் வந்தால் அந்தப் பெரிய இன்ஜின் சூடாக நேரம் பிடிக்கும். இன்னொரு விஷயம், அவர் காலம் சின்னது. 2019-இல் முப்பத்தொரு வயதில் போதும் என்று இறங்கிவிட்டார்.

2017-இல் நியூயி-சான்-ஜோர்ஜில் அவர் ஜெயித்ததைச் சொல்லாமல் மேலே போக முடியாது. எட்வால்ட் போவாசன் ஹாகனும் அவரும் ஒன்றாகக் கோட்டைத் தொட்டார்கள். இரண்டு பேருக்கும் தெரியவில்லை, பார்த்தவர்களுக்கும் தெரியவில்லை. போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்ததில் கிட்டல் 6 மில்லிமீட்டர் முன்னால். 6 மில்லிமீட்டர் எவ்வளவு என்று கடையில் ஒரு ஸ்பேனரை எடுத்துப் பார்த்தேன், சாதாரண சைக்கிள் செயினின் அகலம்கூட வராது. 200 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டிவிட்டு இந்த வித்தியாசம். கோட்டுக்கு ஒரு அடி முன்னால் கையை நீட்டி இடுப்பைப் பின்னுக்குத் தள்ளி சைக்கிளை மட்டும் முன்னால் எறிகிறார்களே, அது ஏன் என்று நீ கேட்டாய் அல்லவா? இதற்காகத்தான்.

இனி கேவண்டிஷ். மாஷ் சொன்ன 35 சரிதான், ஆனால் அந்த எண்ணை வைத்துக்கொண்டு அவர் எப்படிப்பட்டவர் என்று தெரிந்துகொள்ள முடியாது. ஐந்தடி ஒன்பது அங்குலம். சோதனைக்கூடத்தில் மிதிக்கச் சொன்னால் வாட் கணக்கில் கிட்டல், கிரைப்பல் பக்கத்தில்கூட வரமாட்டார். ஆனால் முகவாய் ஹேண்டில்பாரில் இடிக்கிற மாதிரி மூக்கு முன்சக்கரத்துக்கு மேலே வரும். காற்றுக்குக் காட்டுகிற உடம்பு அவ்வளவு சின்னது. அதைவிடப் பெரிசு அவர் நினைவு. வளைவு எது, வாய்க்கால் மூடி எங்கே, சாலை எந்த இடத்தில் ஒரு முழம் ஒடுங்குகிறது என்று மனப்பாடமாகச் சொல்வாராம். நம்ம ஊர் டவுன் பஸ் டிரைவர் மாதிரி.

கேவண்டிஷை மட்டம் தட்டுகிறவர்கள் ஒரு வாதம் வைப்பார்கள்: அவருக்கு ரயில் இருந்தது, யார் வேண்டுமானாலும் ஜெயிக்கலாம். ரயில் என்றால் அணி ஆட்கள் வரிசையாக முன்னால் நின்று ஆளுக்குக் கொஞ்ச தூரம் காற்றை வாங்கிக்கொண்டு விலகுவது. கடைசி ஆளை லீட்-அவுட் என்பார்கள். இதைப் பெரிய அளவில் காட்டியவர் தொண்ணூறுகளில் மாரியோ சிப்பொலினி. சயேக்கோ அணியின் சிவப்புச் சட்டைக்காரர்கள் வரிசையாக இழுக்க, இத்தாலியின் மூன்று வாரப் பந்தயமான ஜிரோவில் மட்டும் 42 ஸ்டேஜ் எடுத்தவர். கேவண்டிஷுக்கு 2009-இல் ஹின்காபி, டோனி மார்ட்டின், கடைசியில் மார்க் ரென்ஷா. அந்த வருடம் பாரிஸில் ரென்ஷா விட்ட இடத்தில் கேவண்டிஷ் கிளம்பி ஜெயித்தார், விட்டுவிட்டுச் சும்மா மிதித்து வந்த ரென்ஷா இரண்டாவது. மற்றவர்கள் எல்லாம் அதற்கும் பின்னால். அந்த ரயிலைப் பற்றி இதற்கு மேல் என்ன சொல்ல!

ஆனால் 2010-ஐப் பார். பதினோராவது ஸ்டேஜில் ரென்ஷா பக்கத்தில் வந்த ஜூலியன் டீனைத் தலையால் முட்டினார், ஒரு தடவை இல்லை, மூன்று தடவை. கோயில் காளைகூட அப்படி முட்டாது. அன்றே போட்டியில் இருந்து வெளியேற்றினார்கள். அதற்குப் பிறகு ரென்ஷா இல்லாமலே கேவண்டிஷ் போர்தோவிலும் பாரிஸிலும் ஜெயித்தார். 2021-இல் வேறு அணி. அந்த அணியின் ஸ்பிரின்டர் சாம் பென்னட்டுக்கு முழங்கால் வலி வந்ததால் கடைசி நேரத்தில் கூப்பிட்டார்கள், முன்னால் இழுக்க மிக்கேல் மோர்கோவ். நாலு ஸ்டேஜ், அதுவரை சாதனையாக இருந்த எடி மெர்க்ஸின் 34 சமன். 2024 ஜூலை 3, சான்-வுல்பாஸ், 39 வயது, அஸ்தானா அணிச் சட்டை. அன்றைக்குக் கடைசியில் ரயில் எதுவும் இல்லை. ஒருவர் சக்கரத்தில் இருந்து இன்னொருவர் சக்கரத்துக்குத் தாவி, சந்து கண்ட இடத்தில் நுழைந்து 35. இரண்டாவது வந்தவர் பிலிப்சன், பதின்மூன்று வயது இளையவர். ராத்திரி ஒன்பது மணி சுமாருக்கு நான் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டுச் சேச்சி கதவைத் தட்டி விட்டார்.

ஆக, ரயில் இருந்தாலும் ஜெயிப்பார், ரயில் கழன்றாலும் ஜெயிப்பார். முதல் வெற்றி 2008, கடைசி வெற்றி 2024. பதினாறு வருடத்தில் எதிரிகள் மூன்று தலைமுறை மாறினார்கள். என் தராசில் இதுதான் கனம், 35 என்ற எண் இல்லை.

கிரைப்பலைப் பற்றி நீ கேட்கவில்லை, நான் சொல்கிறேன். 'கொரில்லா' என்று பட்டப்பேர். கேவண்டிஷும் அவரும் ஒரே அணியில் இருந்தபோது டூருக்குப் போகிற சீட்டு எப்போதும் கேவண்டிஷுக்குத்தான். 2011-இல் அணி மாறி, கார்மோவில் அந்தக் கேவண்டிஷையே தோற்கடித்து முதல் டூர் ஸ்டேஜை எடுத்தார். மொத்தம் 11. பலம் என்று மட்டும் பார்த்தால் அவரை யாரும் ஒதுக்க முடியாது. ஆனால் காற்று கிழிப்பதில் அவர் உடம்பு கதவு மாதிரி.

இதற்கு நேர் எதிர் ஆஸ்திரேலியர் கேலப் யூவன், ஐந்தடி ஐந்து அங்குலம். சீட்டை விட்டு எழுந்து, தலையை ஹேண்டில்பாருக்கு முன்னால் தாழ்த்தி ஓட்டினவர். 2019-இல் மூன்று ஸ்டேஜ், பாரிஸ் உட்பட. நம்ம கூட்டத்தில் நர்ஸ் அக்கா பொள்ளாச்சி திரும்புகிற வழியில் காற்று முதுகில் இருக்கும்போதும் ஏன் மாஷைத் தாண்டிப் போகிறார் என்று நினைக்கிறாய்? மாஷ் நிமிர்ந்து உட்கார்ந்து பாய்மரம் மாதிரி வருகிறார். காற்று முதுகில் 20 என்றால் நீ 45-இல் போகும்போதும் எதிரே 25 அடிக்கத்தான் செய்கிறது.

சரி, இன்றைய ஆட்கள்.

ஜோனாதன் மிலன் ஆறடி நாலு அங்குலம், இத்தாலி. டோக்கியோ ஒலிம்பிக்கில் டிராக் அணிப் பந்தயத்தில் தங்கம், 2024-இல் தனிநபர் 4 கிலோமீட்டர் டிராக்கில் நாலு நிமிடத்துக்குள் வந்து உலக சாதனை. நாலு நிமிடம் தனியாகக் காற்றை வாங்கிப் பழகிய கால் அது. அதனால் மற்றவர்கள் 180 மீட்டர் வரை பதுங்கும் இடத்தில் அவர் 250-லேயே கிளம்பலாம். தலை ஆடும், தோள் ஆடும், சைக்கிள் ஒரு பக்கம் ஆள் ஒரு பக்கம் என்று பார்க்கவே சகிக்காது. கரும்பு லோடு டிராக்டர் மாதிரி. ஆனால் 2025 டூரில் இரண்டு ஸ்டேஜும் பச்சைச் சட்டையும் (அதிகப் புள்ளி எடுத்தவருக்குக் கிடைப்பது) அவருக்குத்தான். 2019-இல் நிபாலி ஜெயித்த பிறகு இத்தாலிக்காரர் யாருமே டூரில் ஒரு ஸ்டேஜ் எடுக்காத வறட்சியையும் அவர்தான் தீர்த்தார்.

டிம் மெர்லியர் மிலனை 2025-இல் இரண்டு தடவை முந்தினார். டன்கெர்க்கில் டயர் வித்தியாசம், பிறகு ஷாத்தோருவில். இரண்டாவது நாள் வேடிக்கை. பிலிப்சனின் அணிக்காரர்கள் வான்டர் பூலும் ரிக்கார்ட்டும் தொடக்கத்திலேயே கூட்டத்தை விட்டுத் தப்பி ஓடி, வான்டர் பூல் கடைசி ஒரு கிலோமீட்டருக்குள்தான் பிடிபட்டார். சராசரி வேகம் மணிக்கு 50-ஐத் தாண்டியது. டூரில் நேரக்கணக்கு ஓட்டங்களை (டைம் டிரையல்) விட்டுவிட்டால், அன்றைக்கு அதற்கு மேலே இருந்தது 1999-இல் பிளுவாவில் சிப்பொலினி ஜெயித்த ஸ்டேஜ், 50.355. அப்படி எல்லோருக்கும் நாக்கு தள்ளிய ஒரு நாளில் மெர்லியர் கடைசி நொடியில் புதுசாகக் குளித்துவிட்டு வந்தவர் மாதிரி வந்தார். அவருக்கு ரயில் கட்டாயம் இல்லை, எதிராளியின் ரயிலிலேயே டிக்கெட் இல்லாமல் ஏறிவிடுவார். இப்போதிருப்பவர்களில் கடைசி நூறு மீட்டர் வேகம் அவருக்குத்தான் அதிகம் என்பது என் கணிப்பு. குறை என்னவென்றால், சில நாள் பத்தாவது இடத்தில் அடைபட்டு வழியே கிடைக்காமல் நிற்பார்.

ஜாஸ்பர் பிலிப்சனுக்கு அந்தக் கஷ்டம் இல்லை, ஏனென்றால் முன்னால் இழுப்பது மத்தியூ வான்டர் பூல். 2023-இல் உலக சாம்பியன் ஆனவரே லீட்-அவுட் வேலை பார்க்கிறார்! 2023-இல் நாலு ஸ்டேஜ், பச்சைச் சட்டை. ஆனால் அவரை வெறும் சமதரை ஆள் என்று நினைக்காதே, 2024-இல் மிலான்-சான்ரெமோ என்கிற ஒருநாள் பந்தயத்தை ஜெயித்தவர். கிட்டத்தட்ட 290 கிலோமீட்டர், கடைசியில் போஜ்ஜோ மேடு. அந்த மேட்டில் போகாச்சர் மாதிரி ஆட்கள் தாக்கும்போது விடாமல் தொங்கிவந்து பிறகு ஸ்பிரின்ட் அடிக்க கிட்டலால் முடியாது, மிலனுக்கும் கஷ்டம். கேவண்டிஷ் 2009-இல் அதை ஜெயித்திருக்கிறார் என்பதையும் பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்.

பச்சைச் சட்டை என்றதும் பீட்டர் சாகனைக் கேட்பாய். ஏழு தடவை. ஆனால் அவரை இந்த ஐந்து பேரோடு நிறுத்துவது மல்யுத்தக்காரனைக் கபடிக்குக் கூப்பிடுகிற மாதிரி. நேர் ரோட்டில் கிட்டல் அவரை மென்று துப்புவார். மேடு, மழை, உருளைக்கல் என்று வந்தால் கிட்டலே அங்கே இருக்கமாட்டார். 2024-இல் மூன்று ஸ்டேஜோடு பச்சைச் சட்டை எடுத்த எரித்ரியாவின் பினியம் கிர்மாயும் ஏறக்குறைய அந்த ஜாதிதான்.

மலையைப் பற்றி ஒரு வார்த்தை. ஆழியாறில் இருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவு ஏறினோமே, மாஷ் ஒன்பதாவது வளைவில் குரங்குக்குப் பொரி போடுவதாகச் சொல்லி நின்றார். ஸ்பிரின்டர்கள் அப்படி நிற்க முடியாது. ஜெயித்தவர் வந்த நேரத்துக்கு மேல் இத்தனை சதவீதத்துக்குள் வரவில்லை என்றால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். 2018-இல் ஆல்ப்ஸில் ஒரே நாளில் கேவண்டிஷும் கிட்டலும் அப்படித்தான் போனார்கள். அடுத்த நாள் கிரைப்பலும் இறங்கிவிட்டார். மூன்று வாரப் பந்தயத்தில் மலை தாண்டி உயிரோடு வந்து சேருவதும் ஒரு திறமை.

இன்னொன்று, இறக்கத்தில் ஸ்பிரின்ட் வேண்டாம். 2020 ஆகஸ்ட் 5, போலந்து, கத்தோவித்சே. இறக்கத்தில் முடிகிற ரோடு, வேகம் 80 பக்கம். டிலான் குரூனவேகன் கோட்டில் இருந்து விலகி ஃபேபியோ யாக்கப்சனைத் தடுப்பில் அழுத்தினார். யாக்கப்சனை மருந்து கொடுத்துக் கோமாவில் வைத்துத்தான் பிழைக்கவைத்தார்கள், முகம் முழுக்கத் தையல். குரூனவேகனுக்கு ஒன்பது மாதம் தடை. அடுத்த வருடமே யாக்கப்சன் ஸ்பெயினில் மூன்று ஸ்டேஜ் ஜெயித்தார். 2022 டூரில் டென்மார்க்கில் ஒருநாள் யாக்கப்சன், மறுநாள் குரூனவேகன். இரண்டு பேரும் அடுத்தடுத்து ஜெயித்ததைப் பார்த்தபோது யாருக்குக் கை தட்டுவது என்று எனக்கே தெரியவில்லை. நாட்டுக்கல் இறக்கத்தில் நீயும் எதிர்வீட்டுப் பையனும் போன மாதம் செய்த வேலை எனக்குத் தெரியும். இனி அது வேண்டாம்.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். ஆடி மாதம், கோபாலபுரத்தில் இருந்து மேற்கே, மூஞ்சியில் மேகாத்து, ஆளுக்கு ஒரு ரயில்: மெர்லியர். எதிர்காற்றில் முதலில் வெளியே வருகிறவன் செத்தான், கடைசியில் வருகிறவன் ஜெயித்தான். மிலன் பொறுமை இழந்து 250-இல் கிளம்புவார், மெர்லியர் அவர் முதுகில் வருவார். அதே ரோடு கிழக்கே, காற்று முதுகில், நேராக: 2017 கிட்டல், அவருக்கு இரண்டாவதாக மிலன். கடைசி 500 மீட்டரில் ஒரு வளைவும் கொஞ்சம் மேடும் இருந்தால் பிலிப்சன். யாருக்கும் ரயில் கிடையாது, ஆள் கூட்டம், பஸ் ஸ்டாண்டு மாதிரி நெரிசல் என்றால், 2009-இல் இருந்தோ 2024-இல் இருந்தோ எந்தக் கேவண்டிஷைக் கொண்டுவந்தாலும் சரி, என் காசு அவர் மேல்தான்.

கடைசியாகக் கோட்டைத் தாண்டுவது பற்றி. 2004 மிலான்-சான்ரெமோவில் எரிக் சாபல் ஜெயித்துவிட்டோம் என்று இரண்டு கையையும் தூக்கினார், ஆஸ்கர் ஃப்ரெய்ரே கீழே சைக்கிளை எறிந்து முந்திவிட்டார். 2024 ஆம்ஸ்டெல் கோல்ட் பந்தயத்தில் பெண் ஸ்பிரின்டர்களில் இன்று அசைக்க முடியாத லோரெனா வீபெஸ் கையைத் தூக்க, மரியன்னே வோஸ் பக்கத்தில் சத்தமில்லாமல் சைக்கிளை எறிந்தார். பிலிப்சன் 2022-இல் கலேயில் இதற்கும் ஒரு படி மேலே போனார். வான் ஆர்ட் ஏற்கெனவே தனியாக வந்து ஜெயித்து முடித்திருக்க, இவர் இரண்டாவதாக வந்து கையைத் தூக்கிக் கொண்டாடினார்.

போன ஞாயிறு கள்ளுக்கடை போர்டுதான் கோடு என்று பேசி வைத்தோம். நீ முதல் ஆளாக வந்தாய், பலமும் உனக்குத்தான் அதிகம், ஒத்துக்கொள்கிறேன். போர்டுக்கு மூன்று மீட்டர் முன்னால் உன் இரண்டு கையும் மேலே இருந்தது. நர்ஸ் அக்காவின் இரண்டு கையும் ஹேண்டில்பாரில் இருந்தது. அன்றைக்கு எல்லோருக்கும் டீக் காசு யார் கொடுத்தது?